பி.எஸ்சி. வேதியியலா, பி.டெக். கெமிக்கலா: சென்னை மாணவருக்காக ஓர் ஒப்பீடு

இந்த ஆண்டு பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்த பிறகு மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை எனக்கு எழுதியிருந்தார்கள். முதலாமவர் வியாசர்பாடியில் அரசுப் பள்ளியில் படித்த மாணவி. வேதியியல் ஆசிரியை பாடம் நடத்திய விதத்தில் மனம் பறிகொடுத்து அதையே மேற்கொண்டு படிக்க விரும்புகிறார். வீட்டிலோ எதைப் படித்தாலும் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டாமவர் தாம்பரத்தைச் சேர்ந்த ஒரு தந்தை. மகன் வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பதால் கெமிக்கல் இன்ஜினியரிங்தான் பொருத்தம் என்று சொந்தபந்தம் அனைத்தும் ஒரே குரலில் சொல்வதாகவும், மகன் மட்டும் பிடிகொடுக்காமல் இருப்பதாகவும் எழுதினார். மூன்றாமவர் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டை முடித்துவிட்டு, தவறான பேருந்தில் ஏறிவிட்டோமோ என்று திகைத்து நிற்பவர்.

என் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வேதியியலில் இளநிலையும் முதுநிலையும் படித்து, வடசென்னையில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவன். வேதிப் பொறியாளர்கள் அடுத்த கட்டடத்தில் இருந்தார்கள். மதியச் சாப்பாடு ஒரே கேன்டீனில். இரு தரப்பின் புலம்பல்களையும் அந்த மேசையில்தான் கேட்டேன். எனவே வேதியியலின் மேல் எனக்குப் பாசம் உண்டு, அதன் ஏமாற்றங்களும் தெரியும்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

ஒப்பீட்டுக்குள் நுழையும் முன் அளவுகோல்களை வகுத்துக்கொள்வோம். அன்றாடம் எதைப் படிக்க வேண்டியிருக்கும் என்பது முதலாவது. என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுவே. அடுத்தது, சேர்க்கை எப்படி நடக்கிறது என்பது. பிறகு, பட்டம் கையில் வரும் நாள் வரை அல்லாமல், அந்தப் பட்டம் உண்மையில் பயன்படத் தொடங்கும் நாள் வரை ஆகும் காலமும் பணமும். நான்காவதாக, வேலை எங்கே, எந்த நேரத்தில், எத்தகைய சூழலில் என்பது. கடைசியாக, நடுவழியில் மனம் மாறினால் திரும்பி நடக்க வழி இருக்கிறதா என்பது.

சம்பளத்தை நான் தனி அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரிக் கையேடுகளில் அச்சாகும் உச்சபட்சத் தொகை ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்ததாகவும், பெரும்பாலும் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்ததாகவும் இருக்கும். அதைக் கொண்டு முடிவெடுப்பது பக்கத்து வீட்டுக்காரர் சீட்டெடுத்ததை நம்பிக் கடன் வாங்குவதைப் போன்றது.

## பெயரில் இருக்கும் மயக்கம்

இரு படிப்புகளின் பெயரிலும் வேதி என்ற சொல் இருப்பதால், இரண்டும் ஒரே பாடத்தின் இரு நிலைகள், ஒன்று எளியது மற்றொன்று உயர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த மயக்கத்தைத் தெளிவிக்கப் பள்ளிப் புத்தகத்திலேயே உள்ள அம்மோனியாவை எடுத்துக்கொள்கிறேன்.

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் வினையூக்கியின் மேல் செலுத்தினால் அம்மோனியா உருவாகும் என்பதை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் ஆய்வக மேசையில் செய்துகாட்டினார். வினை எந்தத் திசையில் செல்லும், வெப்பநிலையைக் கூட்டினால் சமநிலை எந்தப் பக்கம் சாயும், எந்த உலோகப் பரப்பில் நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பு தளரும் என்பவை அவர் முன் நின்ற கேள்விகள். இவை வேதியியலின் கேள்விகள். அதையே டன் கணக்கில் செய்யும் பொறுப்பு கார்ல் போஷிடம் வந்தபோது கேள்விகளின் முகமே மாறிவிட்டது. அவருடைய எஃகு வினைகலன்கள் சில நாட்களில் வெடித்தன. ஆராய்ந்தபோது, உயர் அழுத்தத்தில் இருந்த ஹைட்ரஜன் எஃகின் உள்ளே ஊடுருவி அதிலிருந்த கார்பனைத் தின்று உலோகத்தை நொறுங்கச் செய்தது தெரியவந்தது. கார்பன் குறைந்த மென்னிரும்பால் உட்புறத்தில் ஓர் உறையைச் செருகி, வெளிப்புற எஃகுச் சுவரில் சிறு துளைகளை இட்டு, ஊடுருவி வரும் ஹைட்ரஜன் தங்காமல் வெளியேற வழி செய்ததுதான் அவர் கண்ட தீர்வு. 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஹேபருக்கு 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் போஷுக்கு 1931-இல் நோபல் பரிசும் கிடைத்தன. இரண்டும் வேதியியலுக்கான பரிசுகளே. போஷ் உலோகவியலும் இயந்திரவியலும் பயின்று, பின்னர் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும். எல்லைக்கோடு வரைபடத்தில் இருப்பதைப்போல் தரையில் அவ்வளவு அழுத்தமாக இருப்பதில்லை.

எங்கோ நடந்த பழங்கதையாக இதைக் கருத வேண்டாம். 1966-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் மணலியில் அம்மோனியாவையும் யூரியாவையும் தயாரித்துவருகிறது. 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்ததும் நினைவிருக்கும். அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் ஏன் எரிக்கிறது என்பதை வேதியியல் விளக்கும். குழாயில் அழுத்தம் குறைவதை எந்தக் கருவி எத்தனை நொடியில் உணர வேண்டும், எந்த அடைப்பிதழ் (வால்வு) தானாக மூட வேண்டும் என்பது வேதிப் பொறியியலின் தலையில் விழும் பொறுப்பு.

இன்னொரு சிறு கணக்கு. நூறு மில்லிலிட்டர் குடுவையில் வெப்பம் வெளிவிடும் ஒரு வினையைச் செய்கிறீர்கள். பனிக்கட்டி நீரில் குடுவையை வைத்தால் போதும், சூடு அடங்கிவிடும். அதே வினையை அதே வடிவமுள்ள பத்தாயிரம் லிட்டர் கலனில் செய்தால், கொள்ளளவு ஒரு லட்சம் மடங்கு பெருகுகிறது. ஆனால் வெப்பம் வெளியேறக்கூடிய மேற்பரப்பு சுமார் 2,150 மடங்குதான் பெருகுகிறது. அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிரும் பரப்பு நாற்பத்தாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மேசையில் சாதுவாக இருந்த வினை ஆலையில் கட்டுமீறிப் போவதற்கு இந்த எண்ணே போதுமான காரணம். வேதிப் பொறியியலின் நான்காண்டுப் பாடத்தில் கணிசமான பகுதி இந்த நாற்பத்தாறை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றியதுதான்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை உண்மை ஒன்று உண்டு. பி.டெக். கெமிக்கலில் சேரும் மாணவர் இரண்டாம் ஆண்டிலிருந்து பெரும்பாலும் படிப்பது பாய்ம இயக்கவியல், பொருள் மற்றும் ஆற்றல் சமன் கணக்குகள், வெப்ப இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், பொருண்மைப் பரிமாற்றம், வினைகலன் வடிவமைப்பு, செயல்முறைக் கட்டுப்பாடு ஆகியவற்றை. இவற்றின் எலும்பு கணிதம், தசை இயற்பியல். வேதியியல் மேல்தோலாக இருக்கிறது. கரிம வேதியியலுக்காக உயிரை விடும் ஒரு பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தால், தனக்குப் பிடித்த பாடத்தை ஓரிரு தாள்களில் மட்டுமே பார்த்துவிட்டு, மற்ற நாட்களில் வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தாம்பரத்துத் தந்தைக்கு நான் எழுதிய முதல் கேள்வி, மகன் வேதியியலில் எவ்வளவு வாங்கினான் என்பதன்று. கணக்கைப் போடும்போது அவன் முகம் எப்படி இருக்கிறது என்பது.

## பி.எஸ்சி. வேதியியல்

படிப்பின் தன்மை. மூன்று ஆண்டுகளில் கனிம, கரிம, இயற்பு வேதியியல் மூன்றும் பருவம்தோறும் மாறி மாறி வரும். கணிதமும் இயற்பியலும் துணைப்பாடங்களாக அமையும். வாரத்தில் ஓரிரு பிற்பகல்கள் ஆய்வகத்தில் கழியும். தரம்பார்த்தல், உப்புப் பகுப்பாய்வு, கரிமச் சேர்மப் பகுப்பாய்வு, எடையறி பகுப்பாய்வு என்று கை பழகும். பியூரெட்டின் குமிழைத் திருகும் இடக்கை தானாக நிற்கக் கற்றுக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்காகவே இந்தப் படிப்பை விரும்புபவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் ஆய்வக நேரத்தின் தரம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். நிறமாலைமானி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இளநிலை மாணவரை அதைத் தொட விடுகிறார்களா என்றும் மூத்த மாணவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை. சென்னையில் இதற்குப் பஞ்சமில்லை. 1840-இல் தொடங்கிய மாநிலக் கல்லூரி, பச்சையப்பன், ராணி மேரி, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி, லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், எத்திராஜ் எனத் தெரிந்த பெயர்கள் நிறைய உண்டு. பொறியியலைப்போல் எல்லாவற்றுக்கும் ஒரே கலந்தாய்வு கிடையாது. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரு பொது இணைய விண்ணப்பமும், மற்றவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பங்களும் போட வேண்டும். இவற்றின் கடைசித் தேதிகள் பொறியியல் கலந்தாய்வுக்கு மிகவும் முன்னதாகவே வந்துவிடும் என்பதால், இரண்டுக்கும் காத்திருப்பவர் முதலில் இங்கே ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வழக்கம்.

மறைந்திருக்கும் செலவு. அரசுக் கல்லூரியில் ஆகும் கட்டணம் மிகக் குறைவு. மாதாந்திரப் பேருந்துச் செலவு அதைவிட அதிகமாக வந்தாலும் வியப்பில்லை. தனியார் கல்லூரிகளில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வளாகத்தில், ஒரே பெயரில், அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். ஒன்று காலை வேளை, மற்றது பிற்பகல் வேளை என்று நேரமும் மாறலாம். கட்டணத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. சேர்க்கைக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்பதைப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு அலுவலகத்தில் வாதாடிப் பயனில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய மறைசெலவு காலம். பி.எஸ்சி. மூன்றாண்டில் முடிந்துவிடுகிறது என்பது காகிதத்தில் உள்ள உண்மை. அந்தப் பட்டத்தோடு மட்டும் வெளியே வருபவருக்கு ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையிலோ, திருப்பெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளிலோ, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களிலோ தொடக்கநிலை ஆய்வக வேலை கிடைக்கும். நேர்மையான வேலைதான், ஆனால் வளர்ச்சியின் கூரை தாழ்வானது. எம்.எஸ்சி. முடித்துப் போன எனக்கே முதல் இரண்டு ஆண்டுகள் ஈரப்பதம், பாகுநிலை, அமிலகாரக் குறியீடு என்ற மூன்று சோதனைகளைத் தவிர வேறெதுவும் தரப்படவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது மாதிரிகள், நாற்பது கையெழுத்துகள். இந்தத் துறையில் சுவையான வேலை என்று எதைச் சொல்கிறோமோ, அது ஆய்வானாலும் கற்பித்தலானாலும் புதிய சேர்மங்களை உருவாக்குவதானாலும், முதுநிலைக்குப் பிறகே தொடங்குகிறது. ஆக இதை ஐந்தாண்டுப் படிப்பு என்று எண்ணிக் கணக்கிடுங்கள். அரசுப் பள்ளியில் முதுநிலை ஆசிரியராக விரும்பினால் அதன் மேல் பி.எட். இரண்டாண்டு. கல்லூரியில் கற்பிக்க நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தகுதியோ முனைவர் பட்டமோ வேண்டும். வெளிநாட்டு முனைவர் படிப்புகளில் சில பதினாறாண்டுக் கல்வியைக் கேட்பதால், மூன்றாண்டுப் பட்டம் மட்டும் அங்கே செல்லாமல் போவதும் உண்டு.

இதற்கு ஈடாக ஒரு நன்மை இருக்கிறது. இந்த நெடிய பாதையின் பிற்பகுதிக்குச் செலவு உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஜாம் தேர்வின் வழியாகச் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இடங்களில் எம்.எஸ்சி. சேரலாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு, 2023-இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், கிண்டியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகமும், இத்தகைய ஆய்வை ஊரை விட்டுப் போகாமலே செய்ய இடம் தருகின்றன.

## பி.டெக். கெமிக்கல்

படிப்பின் தன்மை. மேலே விரிவாகச் சொன்னவற்றைத் திரும்பச் சொல்லவில்லை. முதலாண்டு எல்லாப் பொறியியல் மாணவர்களுக்கும் உள்ள கணிதம், இயற்பியல், நிரலாக்கம், பொறியியல் வரைபடம் என்று ஓடிவிடும். உண்மையான படிப்பு மூன்றாம் பருவத்தில்தான் முகம் காட்டும். அரியர் விழத் தொடங்குவதும் அங்கேதான். இதன் ஆய்வகத்தில் குடுவைகளைவிடக் குழாய்களும் பம்புகளும் வெப்பப் பரிமாற்றிகளும் அதிகம். ஒரு வாரம் ஆலைக்குப் போய் வரும் இன்பிளான்ட் டிரெய்னிங்கைச் சான்றிதழுக்காக மட்டும் முடித்துவிடாமல், கலவையைக் காய்ச்சிப் பிரிக்கும் ஒரு வடிகோபுரத்தின் அடியில் நின்று அதன் வரைபடத்தைக் கையால் வரைந்து பார்த்தவருக்கு நேர்முகத் தேர்வில் வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சேர்க்கை. சென்னையில் இதன் தாய்வீடு 1944-இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் உருவாகி, இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயங்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. மாணவர் வழக்கில் ஏ.சி.டெக். அதற்கும், எஸ்.எஸ்.என்., ஸ்ரீ வெங்கடேஸ்வரா போன்ற தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் வாசல் ஒன்றே. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வும் அதைத் தீர்மானிக்கின்றன. வேதியியல் இங்கே கால் பங்கு, கணிதம் பாதி என்பதை உற்றுக் கவனியுங்கள்; படிப்பின் உள்ளடக்கத்தைப் பற்றி இந்தச் சூத்திரமே ஓரளவு உண்மையைச் சொல்லிவிடுகிறது. கணிதம் இல்லாத பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கும். சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு எழுத வேண்டும் என்பது தெரிந்ததே.

மறைந்திருக்கும் செலவு. கட்டணம் கூடுதல் என்பதை எல்லோரும் அறிவார்கள். சலுகைகளைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குத் தனிச் சலுகை இருக்கிறது. அதற்கான சான்றிதழை வருவாய்த் துறையிடமிருந்து கலந்தாய்வுக்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

உண்மையான மறைசெலவு இடப்பெயர்ச்சியிலும் இரவுகளிலும் இருக்கிறது. கோர் வேலை என்று மாணவர்கள் சொல்லும் ஆலைப் பணி சென்னையில் இருக்கவே செய்கிறது. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் மணலிச் சுத்திகரிப்பு ஆலை ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெயைக் கையாளும் திறன் கொண்டது. அதைச் சுற்றிச் சலவைப் பொருட்களுக்கான மூலப்பொருளும் பாலியோல்களும் செய்யும் ஆலைகள் உள்ளன. ஆலைகளை வடிவமைத்துத் தரும் நிறுவனங்களின் அலுவலகங்களும், வாபாக் போன்ற நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனங்களும் இங்கே இருக்கின்றன. ஆயினும் நாட்டின் வேதித் தொழிலில் பெரும்பங்கு குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் குவிந்திருக்கிறது. ஜாம்நகருக்கோ தஹேஜுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ போக மாட்டேன் என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்ட மாணவர், தன் வாய்ப்புகளில் பெரும்பகுதியைக் கதவருகிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைகிறார். ஆலை என்பது உறங்காத இடம். ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட் சுற்றிவரும், பொங்கலன்றும் யாராவது ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாக வேண்டும். எங்கள் கேன்டீனில் இளம் பொறியாளர்கள் காலை உணவு நேரத்தில் இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆய்வகக்காரர்களான எங்களுக்கு மாலை ஐந்தரைக்குப் பேருந்து தயாராக நிற்கும். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் எங்களைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

மென்பொருள் நிறுவனங்கள் எல்லாத் துறைப் பொறியாளர்களையும் எடுத்துக்கொள்வதால், பலர் நான்காண்டுக் கெமிக்கலுக்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் போய் அமர்கிறார்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அதுதான் முடிவு என்று சேரும்போதே தெரிந்திருந்தால், அதற்கு நேர்வழிகள் வேறு இருக்கின்றன.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பி.எஸ்சி. வேதியியல் | பி.டெக். கெமிக்கல் |
|---|---|---|
| அன்றாடப் படிப்பு | மூலக்கூறு, வினைவழி, பகுப்பாய்வு. கை வேலை அதிகம் | ஓட்டம், வெப்பம், அளவு, கட்டுப்பாடு. கணக்கு அதிகம் |
| பிளஸ் டூ கணிதம் | பெரும்பாலும் கட்டாயமில்லை | இல்லாமல் முடியாது |
| காகிதத்தில் காலம் | 3 ஆண்டு | 4 ஆண்டு |
| பட்டம் பயன்தரத் தொடங்கும் காலம் | 5 ஆண்டு. ஆய்வென்றால் மேலும் 5 | 4 ஆண்டு |
| பிற்காலப் பணச் சுமை | உதவித்தொகையால் குறையலாம் | முதல் நான்காண்டிலேயே முடிந்துவிடும் |
| வேலை நேரம் | பெரும்பாலும் பகல் | ஆலையில் ஷிஃப்ட். வடிவமைப்பு அலுவலகத்தில் பகல் |
| சென்னையிலேயே இருக்க வாய்ப்பு | ஓரளவு நன்று | ஆலைப் பணிக்குக் குறைவு |
| பாதை மாற | பொறியியலுக்கு ஒரு குறுகிய வழி உண்டு | மேலாண்மை, மென்பொருள், ஆய்வு எனப் பல |

## நடுவில் செல்லும் பாதைகள்

இரண்டுக்கும் இடையே மதில்சுவர் இல்லை. பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரி, பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி இருக்கிறது. மொத்தம் ஆறு ஆண்டுகள் ஆகும், இரண்டு பட்டங்கள் கையில் இருக்கும்; ஆனால் முதலாண்டுக் கணிதத்தைத் தாமே படித்து ஈடுகட்ட வேண்டும். பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் வேதியியலும் வேதிப் பொறியியலும் தனித்தனித் தாள்களாக உள்ளன. எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர்கள் பொருளறிவியல், சுற்றுச்சூழல் போன்ற எம்.டெக். பிரிவுகளுக்குள் நுழைய வேதியியல் தாள் உதவுகிறது. பொறியாளர்களுக்கு அதே தேர்வு முதுநிலைக்கும், பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றுக்கும் வாசலாக இருந்துவந்திருக்கிறது.

ஐந்தாண்டுகளையும் ஒரே இடத்தில் படிக்க விரும்புபவர் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வைப் பார்க்கலாம். அவற்றில் ஒன்று திருப்பதியில், சென்னையிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.டெக். படிப்பு, வேதியியலில் காதலும் கணக்கில் தெம்பும் ஒருசேர உள்ளவர்களுக்காகவே அமைந்ததைப் போன்றது. மின்கலங்களைப் பற்றி நாடே பேசும் இக்காலத்தில் அது இன்னும் அதிகமாகக் கவனிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் நெகிழிப் படிப்புகளும், ஏ.சி.டெக்கின் தோல், ஜவுளி, செராமிக் தொழில்நுட்பப் படிப்புகளும் கெமிக்கல் இடம் கைநழுவியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

## யாருக்கு எது

வியாசர்பாடி மாணவிக்கு என் விடை பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். வேதியியல் பிடிக்கிறது என்கிறார், ஆகவே பி.எஸ்சி. என்று சொல்வது எளிது. ஆனால் அவருக்குக் கணிதத்திலும் நல்ல மதிப்பெண் இருக்கிறது, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குத் தகுதி இருக்கிறது, வீட்டுக்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கும் வசதி இல்லை. கட்டணமே இல்லாமல் நான்காண்டில் ஒரு தொழிற்பட்டம் கிடைக்கும் வாய்ப்பை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்றே உள்ள அந்த வழியை, குறைந்தபட்சம் கலந்தாய்வு முடியும் வரை கைவிட வேண்டாம் என்று எழுதினேன். மணலி அவர் வீட்டிலிருந்து ஒரு பேருந்துத் தூரம். ஆசிரியை ஆவதுதான் உண்மையான கனவு என்றால் கதை வேறு. அப்போது மாநிலக் கல்லூரியோ ராணி மேரியோ, மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் சேர்ந்து, செலவைத் தாங்கக்கூடியதாக்கும். எதை விரும்புகிறார் என்பதை அவரே சொல்ல வேண்டும், அவருக்காக வீட்டார் சொல்லக் கூடாது.

முதலாண்டு முடித்துவிட்டுத் திகைப்பவருக்கு, எது பிடிக்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். கல்லூரி பிடிக்கவில்லை என்றால் பாடத்தின் மேல் பழி போடக் கூடாது. கரிம வினைவழிகளை மனப்பாடம் செய்வது சலிக்கிறது, இயற்பு வேதியியல் கணக்குகள் மட்டும் இனிக்கின்றன என்றால் அவர் உள்ளுக்குள் பொறியாளர். மீதி இரண்டாண்டையும் முடித்துவிட்டு நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கைக்குப் போவது, இப்போதே விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைவிட ஓராண்டுதான் கூடுதல், கையில் ஒரு பட்டமும் இருக்கும்.

இரவுப் பணியும் வெளிமாநிலமும் ஒத்துவராத குடும்பச் சூழல் உள்ளவர்களுக்கு, கணிதம் நன்றாக வந்தாலும், வேதியியல் வழியே நிம்மதி தரலாம். மாறாக, ஐந்தாண்டுப் படிப்பைப் பொறுமையாக நடத்திச் செல்லும் மனமும், ஒரு தவறிய சோதனையை ஏழாம் முறை செய்யும் பிடிவாதமும் இல்லாதவர், எவ்வளவுதான் மதிப்பெண் வாங்கியிருந்தாலும் ஆய்வுப் பாதையில் இறங்கித் தம்மை வருத்திக்கொள்ள வேண்டாம்.

## தாம்பரத்து மகனுக்கு அனுப்பிய இரண்டு கேள்விகள்

தாம்பரத்துத் தந்தையின் மகனுக்கு அறிவுரைக்குப் பதிலாக இரண்டு கணக்குகளை அனுப்பினேன். இரண்டும் நெம்மேலியில் உள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைப் பற்றியவை. தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும்போது பார்த்திருக்கக்கூடிய இடம்தான்.

முதல் கேள்வி: நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் வேண்டும். உள்ளே இழுக்கும் கடல்நீரில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்குதான் குடிநீராக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. குடிநீரில் உப்பு இல்லையென்றே கொள்ளலாம். எவ்வளவு கடல்நீரை இழுக்க வேண்டும், கடலுக்குத் திரும்பும் கழிவுநீரில் லிட்டருக்கு எவ்வளவு உப்பு இருக்கும்? ஏறத்தாழ 22 கோடி லிட்டர் என்றும், 64 கிராம் என்றும் விடை வரும். அதோடு நிறுத்தாமல், அந்த அடர்ந்த நீரை மீன்பிடிக் கரைக்கு அருகில் விட்டால் என்ன ஆகும், எவ்வளவு தூரம் குழாய் போட வேண்டும், அந்தக் குழாய்க்கு எவ்வளவு பம்பு ஆற்றல் வேண்டும் என்று கேள்வி நீண்டுகொண்டே போகும்.

இரண்டாம் கேள்வி: அந்த ஆலையின் சவ்வு சோடியத்தையும் குளோரைடையும் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது, போரானை மட்டும் கணிசமாகத் தப்பவிடுகிறது. ஏன்? சவ்வு அதே சவ்வாக இருக்க, நீரின் காரத்தன்மையைக் கூட்டினால் போரானும் ஏன் மாட்டிக்கொள்கிறது? போரிக் அமிலம் கடல்நீரில் பெரும்பாலும் மின்னூட்டமில்லாத மூலக்கூறாகத் திரிகிறது என்பதும், காரம் கூடும்போது அது ஹைட்ராக்சைடைச் சேர்த்துக்கொண்டு எதிரயனி ஆகிவிடுகிறது என்பதும் விடைக்கான நூல்முனைகள்.

இரண்டுக்கும் விடை சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டாம் என்று அவன் தந்தைக்குக் குறிப்பு எழுதியிருந்தேன். எதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோகிறான், எதற்காகச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்; அதையும் அறைக்குள் நிற்காமல், சமையலறையிலிருந்தே.